முகூர்த்த வருமானமும் மாதச் செலவும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கலைத்தொழிலைத் தனியாகச் செய்து பிழைப்பவர்களுக்கு வருமானம் தமிழ் மாதத்தை ஒட்டி வருகிறது; செலவு ஆங்கில மாதத்தை ஒட்டி வருகிறது. வீட்டு வாடகையும் வண்டித் தவணையும் பள்ளிக் கட்டணமும் ஆடி பிறந்துவிட்டது என்று ஒரு மாதம் பொறுத்துக்கொள்வதில்லை. சோழபுரத்தில் வீட்டிலேயே கணினி வைத்து கல்யாண வீடியோ எடிட் செய்பவர், சிவகாசி அச்சகங்களுக்கு வடிவமைப்புச் செய்பவர், ஃபிளெக்ஸ் போர்டுக்கு டிசைன் போடுபவர், சுவர் ஓவியர், நாயனம் தவில் வாசிப்பவர், நையாண்டி மேளக்காரர், கரகாட்டக் கலைஞர் என்று எல்லோருக்கும் பொதுவான சிக்கல் இதுதான். இவர்களில் பலருடைய ஆண்டு வருமானம் அதே ஊரில் மில் வேலைக்குப் போகிறவரின் சம்பளத்துக்குக் குறைந்ததல்ல. ஆனாலும் கடன் வாங்குவது இவர்களாகவே இருப்பதற்குக் காரணம், பணம் வரும் நாளும் போகும் நாளும் ஒன்றோடொன்று பொருந்தாததுதான்.

வேலை இருக்கும் மாதம், இல்லாத மாதம்

முதல் வேலை, தன் தொழிலின் ஆண்டு ஓட்டத்தைத் தாளில் எழுதிப் பார்ப்பது. கல்யாணத்தை நம்பிய தொழில்களுக்கு ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் வறண்ட மாதங்கள். தை பிறந்ததும் சூடு பிடிக்கும் வேலை வைகாசி, ஆனியில் உச்சத்துக்குப் போய், ஆவணியில் மறுபடி தலைதூக்கி, ஐப்பசி, கார்த்திகையோடு ஓயும்.

கோயில் விழாவை நம்பியவர்களுக்குக் கணக்கு ஏறக்குறைய நேர்மாறு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேர், சங்கரன்கோவில் ஆடித்தபசு, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலின் ஆடிக் கடைசி வெள்ளி என்று கல்யாணம் இல்லாத அந்த மாதத்தில்தான் மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் விளம்பரத் தட்டிக்கும் கூப்பிட ஆள் வருகிறது. பங்குனியிலிருந்து வைகாசி வரை ஊர்ப் பொங்கல்கள். சிவகாசியை நம்பியவர்களுக்கு மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவது அங்கே வழக்கம். ஆல்பத்துக்கான படவேலை அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். கடைப் பெயர் சேர்ப்பது, அளவு மாற்றுவது போன்ற வேலைகள் அதற்குப் பிறகு கார்த்திகை வரை நீளும்.

இந்த மூன்று ஓட்டங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வழி தெரியும். கல்யாண வீடியோவை மட்டும் நம்பியிருப்பவர் ஆடியில் கோயில் விழா நேரலை ஒன்றிரண்டு பிடித்தால், அல்லது காலண்டர் வடிவமைப்பு கற்றுக்கொண்டால், வறண்ட மாதம் பாதியாகக் குறையும். கிறிஸ்தவ, முஸ்லிம் வீட்டு விசேஷங்களுக்கும் போகிறவர்களுக்கு ஆடியும் புரட்டாசியும் அவ்வளவு காய்வதில்லை. அவர்களுக்குத் தவக்காலத்தையும் ரம்ஜானையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். கையில் இருக்கும் தொழிலின் ஈரமான மாதத்தையே இன்னும் நனைக்கும் உபதொழிலால் பயன் குறைவு.

வேலை செய்யும் மாதமும் பணம் வரும் மாதமும் ஒன்றல்ல என்பதையும் அதே தாளில் குறிக்க வேண்டும். வைகாசிக் கல்யாணத்தின் ஆல்பம் ஆவணியில்தான் தயாராகும். மீதிப் பணம் ஆல்பத்தோடுதான் வரும். இரண்டு வண்ணத்தில் குறித்தால் போதும், எந்த மாதம் கழுத்தைப் பிடிக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முன்பணம் யாருடைய பணம்

தேதியைப் பிடித்துவைக்க வாங்கும் அட்வான்ஸ் சம்பாதித்த பணம் அல்ல. வேலையை முடித்துக் கொடுக்கும் வரை அது வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய கடன். இந்த வட்டாரத்தில் தனித்தொழில் செய்பவர்கள் நொடிப்பதற்கு, குறைந்த விலையையும் விட, இந்த ஒரு மயக்கமே பெரிய காரணம். மாசியில் ஐந்து கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கி, அந்தப் பணத்தில் போன மாதத்து ஆல்பம் அச்சுக்கூலியைத் தீர்ப்பவர், வைகாசி வந்ததும் அந்த ஐந்து கல்யாணத்துக்கு ஆள்கூலி கொடுக்க மறுபடி அட்வான்ஸ் தேட வேண்டியிருக்கும். புது வேலை வந்துகொண்டே இருக்கும் வரை ஓட்டை வெளியே தெரியாது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து, பங்குனி, சித்திரை, வைகாசி விசேஷங்கள் நின்றுபோனபோது, வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் நின்றவர்கள் இப்படித்தான் நின்றார்கள்.

இதற்குப் பரிகாரம் இரண்டு வங்கிக் கணக்கு. ஒன்று தொழிலுக்கு, ஒன்று வீட்டுக்கு. வாடிக்கையாளர் ஜிபேயில் போடும் பணம் எல்லாம் தொழில் கணக்குக்கு மட்டும் போக வேண்டும். ரொக்கமாக வந்தாலும் அதில் கட்டிவிட வேண்டும். கியூஆர் அட்டையில் வீட்டுக் கணக்கை ஒட்டிவைத்துவிட்டு, பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் பிரிக்கும் நாள் வராது. தொழில் கணக்கில் இருக்கும் தொகையில் எவ்வளவு முடிக்காத வேலைக்கான அட்வான்ஸ் என்பதை நோட்டின் தனிப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வேலை முடிந்ததும் அடித்துவிட வேண்டும். கணக்கில் 90,000 ரூபாய் இருந்து, அந்தப் பக்கத்தில் 65,000 நிலுவையாக நின்றால், கையில் உண்மையில் இருப்பது 25,000தான்.

முன்பணத்தைத் திருப்பித் தருவதா இல்லையா என்பதை வாங்கும் அன்றே ரசீதில் எழுதிவிடுவது நல்லது. தேதி தள்ளிப்போனால் ஆறு மாதத்துக்குள் வேறு தேதிக்கு மாற்றித் தரப்படும். கல்யாணமே நின்றுபோனால் இவ்வளவு கழித்துக்கொண்டு மீதி தரப்படும் என்று இரண்டு வரி போதும். சாவு விழுந்த வீட்டில் நின்று பேரம் பேசுவதைவிட இது இருவருக்கும் மரியாதை.

தனக்குத் தானே சம்பளம்

தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், ஒரே தொகை போக வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. சோழபுரத்திலிருந்து வேலை பார்க்கும் கல்யாணப் படப்பிடிப்பாளர் ஒருவருக்கு ஆண்டு வரவு 7,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துணைக்கு வரும் கேமராமேன் கூலி, டிரோன் வாடகை, ஆல்பம் அச்சு, பெட்ரோல், மென்பொருள் சந்தா, இணையம் எல்லாம் சேர்ந்து 3,00,000. மீதி 4,20,000. இதை முழுதும் பன்னிரண்டால் வகுத்து மாதம் 35,000 எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அது தவறு. கேமராவும் லென்சும் கணினியும் சேர்ந்து 1,80,000 பெறும், ஐந்தாண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 36,000 அவற்றின் தேய்மானம்; அதைத் தனியே ஒதுக்காவிட்டால் அடுத்த கேமரா தவணையில்தான் வரும். காப்பீட்டுக்கும் வரிச் செலவுக்கும் 24,000. போக 3,60,000 நிற்கும். இதில் மாதம் 25,000 சம்பளமாக எடுத்தால் ஆண்டுக்கு 3,00,000. எஞ்சும் 60,000, வறண்ட மாதத்துக்கான இருப்பு.

வைகாசியில் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வந்தாலும் வீட்டுக்குப் போவது 25,000தான். ஆடியில் 15,000 வந்தாலும் 25,000தான். வீட்டில் உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாட்டைச் சொல்லிவிடுவது அவசியம். வைகாசிப் பணத்தைப் பார்த்துப் பழகிய வீடு ஆடியில் ஒத்துழைக்காது; பெரும்பாலும் ஏற்பாடு உடைவது இந்த இடத்தில்தான்.

இருப்பு ஆறு மாதச் சம்பள அளவுக்கு, அதாவது மேலே சொன்ன கணக்கில் 1,50,000 வரைக்கும் சேர வேண்டும். மூன்று மாதம் போதாதா என்று கேட்கலாம். மாதச் சம்பளக்காரருக்குப் போதும். இங்கே ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவம் வர நான்கு மாதம் ஆகிறது. அந்தப் பருவத்தின் பணம் கைக்கு வர இன்னும் இரண்டு மாதம். இந்தத் தொகையை அஞ்சலகத் தொடர்வைப்பிலோ வங்கி வைப்பிலோ போடலாம். தங்கமாக வாங்கி வைப்பது வழக்கம்தான். அவசரத்துக்கு அடகு வைக்க முடிகிற வரையில் அதில் தவறில்லை. ஆனால் செய்கூலி, சேதாரம் கொடுத்து வாங்கிய நகையை விற்கும்போது அந்தத் தொகை திரும்பாது.

விலை வைப்பது

மேலே சொன்ன படப்பிடிப்பாளருக்கு ஆண்டுக்கு 40 நிகழ்ச்சிதான் கிடைக்கும் என்றால், ஒன்றுக்குச் சராசரி 18,000 வந்தால்தான் 7,20,000 ஆகும். பக்கத்து ஸ்டுடியோ 12,000க்குச் செய்கிறது என்பதற்காக 12,000 வைத்தால் 60 நிகழ்ச்சி தேவை. முகூர்த்த நாள்கள் கூடப்போவதில்லை. அறுபதைப் பிடிக்க ஒரே நாளில் இரண்டு இடத்துக்கு ஆள் வைக்க வேண்டும், கூலி ஏறும். விலையைப் பேசுவதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்திருப்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிவார்.

சொந்தக்காரர் வீட்டு விசேஷம் தனிச் சங்கடம். காசு வாங்கினாலும் பேச்சு, வாங்காவிட்டாலும் நட்டம். பில்லில் முழுத் தொகையை எழுதி, அதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறாரோ அதை மொய் என்று கழித்துக் காட்டுவது பலருக்கும் பலித்த வழி. உறவுக்காரருக்கு வேலையின் விலை தெரிந்துவிடும். அவர் வேறு யாருக்காவது சிபாரிசு செய்யும்போது பாதி விலையைச் சொல்லமாட்டார். மொய் நோட்டிலும் அது ஏறும்.

பாக்கி வசூல்

வீட்டு விசேஷங்களுக்கு மூன்று தவணை முறை நன்றாக வேலை செய்கிறது: தேதி பிடிக்கும்போது ஒரு பங்கு, விசேஷ நாளன்றோ முதல் நாளோ பெரும் பங்கு, ஆல்பத்தை ஒப்படைக்கும்போது சிறு பங்கு. கடைசித் தவணை சிறியதாக இருப்பதுதான் சூட்சுமம். பெண் புகுந்த வீடு போன பிறகு, மாமன் செலவா மாப்பிள்ளை வீட்டுச் செலவா என்ற பேச்சில் ஆல்பம் ஓராண்டு அலமாரியில் கிடப்பது சாதாரணம். அப்படிக் கிடந்தாலும் அச்சுக்கூலியாவது ஏற்கெனவே வந்திருக்க வேண்டும்.

நிறுவன வாடிக்கையாளரிடம் நிலைமை வேறு. ராஜபாளையத்து நூற்பாலை, தளவாய்புரத்து நைட்டி தயாரிப்பாளர், சத்திரப்பட்டியில் மருத்துவப் பேண்டேஜ் துணி நெய்பவர், சிவகாசி அச்சகம் ஆகிய இடங்களில் வேலை செய்தால் தொகை பெரிது, வாய்தாவும் பெரிது. இதற்குச் சட்டத்தில் ஓர் ஆயுதம் இருக்கிறது. பெரும்பாலான கலைஞர்கள் அதை எடுப்பதே இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சேவைத் தொழில் செய்யும் தனி ஆளுக்கும் பொருந்தும். உத்யம் இணையதளத்தில் ஆதார், பான் எண்களைக் கொண்டு பதிவுசெய்யலாம், கட்டணம் கிடையாது. ‘பதிவு செய்து தருகிறோம்’ என்று காசு கேட்கும் இணையதளங்கள் அரசினுடையவை அல்ல. குறு நிறுவனமாகப் பதிவான ஒருவரிடம் வேலை வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். முறையீட்டை இணையவழியில் பதியலாம். தமிழ்நாட்டில் இதை விசாரிக்கும் மண்டல வசதி மன்றங்களில் ஒன்று மதுரையில் இருக்கிறது.

உள்ளூரில் தொழில் செய்பவர் நல்ல வாடிக்கையாளர் மீது முறையீடு போடத் தயங்குவது இயல்பு. போட வேண்டிய அவசியமும் பெரும்பாலும் வராது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. எப்போது தருகிறாரோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். ஆகவே பில்லின் மேல் உத்யம் எண்ணை அச்சடித்திருந்தால், மார்ச் மாதம் அந்த நிறுவனத்தின் ஆடிட்டரே ‘இதை முதலில் தீருங்கள்’ என்று சொல்லிவிடுவார். பதிவு வேலைக்கு முன்பே இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

பில் என்றால் வாட்ஸாப்பில் ‘அண்ணாச்சி, 8,500’ என்று அனுப்புவது அல்ல. வரிசை எண், தேதி, என்ன வேலை, எத்தனை முறை திருத்தம் அதற்குள் அடங்கும், தொகை, கெடு, வங்கிக் கணக்கு, பான் ஆகியவை ஒரு தாளில் இருக்க வேண்டும். திருத்தம் என்ற வரி சிறியதுதான். ஆனால் வடிவமைப்பாளரின் லாபம் கரைவது ஏழாவது திருத்தத்தில்தான். பணம் வராமல் இழுக்கும் கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. அது முடிவதற்கு முன் பழைய பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்துக் கையெழுத்து வாங்கினால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும்.

குழுவின் பணம், தலைவரின் கணக்கு

மேளக்குழு, கரகாட்டக்குழு போன்றவற்றில் கோயில் கமிட்டி மொத்தத் தொகையைக் குழுத்தலைவரிடம் தந்துவிடும். அவர் பங்கு பிரிப்பார். ரொக்கமாக இருந்த காலத்தில் இதில் சிக்கல் எழவில்லை. இப்போது தொகை அவருடைய வங்கிக் கணக்கில் ஏறுகிறது. பத்துப் பேரின் கூலி ஒருவரின் வருமானம்போலத் தோன்றுகிறது. ஒரே ஆண்டில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் அந்தத் தகவலை வங்கி வருமான வரித்துறைக்கு அனுப்பும். ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, ஊர், மொத்தத் தொகை, யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பேரேடு தலைவருக்குக் கவசம். முடிந்தவரை பங்கை வங்கி வழியாகவே அனுப்புவது இன்னும் நல்லது. அப்போது குழுவில் தவில் வாசிக்கும் இளைஞனுக்கும் தன் பெயரில் ஒரு வருமானப் பதிவு உண்டாகும். பின்னாளில் கடன் கேட்க அது உதவும்.

வரைந்தது யாருக்குச் சொந்தம்

இந்த வட்டாரத்தின் கலை வரலாற்றிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜுவின் (1898–1976) முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளின் பூஜை அறைச் சுவர்களுக்குப் போனார்கள். அச்சான பிரதிகளின் எண்ணிக்கைக்கும் மூல ஓவியத்துக்கு ஓவியர் பெற்ற விலைக்கும் தொடர்பு இல்லாத தொழில் முறை அது. காலண்டர் தொழிலில் அந்த முறை இன்றும் பெரிதாக மாறவில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைச் செய்கிறது. ஒருவர் கேட்டு, விலை கொடுத்து வரைந்து வாங்கிய ஓவியத்துக்கும், அப்படி எடுத்துக் கொடுத்த புகைப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் கேட்டவரே. ஓவியர் தானாக வரைந்து வைத்திருந்ததை விற்றால், விற்றது அந்தத் தாளையும் வண்ணத்தையும் மட்டுந்தான். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்காத வரை அச்சிடும் உரிமை ஓவியரிடமே இருக்கும். எழுதிக் கொடுக்கும்போதும் எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே அச்சகம் கேட்டு வரையும்போது ‘2027 காலண்டருக்கு மட்டும்’ என்று பில்லில் ஒரு வரி சேர்த்து, அச்சகத்தாரின் கையெழுத்தும் வாங்கிவிட்டால், அடுத்த ஆண்டு அதே படத்தை டைரி அட்டைக்கோ ஊதுபத்திப் பெட்டிக்கோ பயன்படுத்த அவர்கள் மறுபடி வர வேண்டியிருக்கும். எல்லா உரிமையும் வேண்டும் என்று கேட்டால் தரலாம், விலை வேறு. கல்யாணப் படப்பிடிப்பாளருக்கு இதே விதி மறுபுறம் திரும்பும்: மணமக்கள் படத்தைத் தன் இன்ஸ்டாகிராமில் விளம்பரமாகப் போட, முன்பே ஒப்புதல் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

வரி

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறுகின்றன; ஆடிட்டர்கள் வாயில் பழைய எண்களே இன்னும் கொஞ்ச காலம் புழங்கும் என்பதால் இங்கே அவையே தரப்படுகின்றன. 44ஏடிஏ என்பது குறிப்பிட்ட தொழில்முறையாளர்களுக்கான உத்தேச வருமான முறை. ஆண்டு வரவு 50 லட்சம் வரை, ரொக்க வரவு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை, வரவில் பாதியை வருமானம் என்று காட்டிவிட்டால் விரிவான கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. திரைப்படத் தொழிலில் உள்ள ஒளிப்பதிவாளர், எடிட்டர், பாடலாசிரியர், உள்ளரங்க வடிவமைப்பாளர் போன்றோர் இதில் வருவார்கள். கல்யாணப் புகைப்படக்காரரும் ஃபிளெக்ஸ் வடிவமைப்பாளரும் இதிலா, வணிகர்களுக்கான 44ஏடியிலா என்பதை ஆடிட்டரைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். இரண்டுக்கும் காட்ட வேண்டிய விகிதம் வேறு.

புதிய வரி முறையில் 2025–26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி காரணமாக வரி இல்லை. அதனால் இந்த வட்டாரத்தில் பெரும்பாலான கலைஞர்களுக்குக் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். படிவம் தாக்கல் செய்வது மட்டும் பூஜ்யம் ஆகாது. நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் பத்து சதவீதமோ, ஒப்பந்த வேலையில் ஒரு சதவீதமோ பிடித்துக்கொண்டு தருவது டி.டி.எஸ். பான் தராவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். அந்தப் பணம் அரசாங்கத்திடம் நம் பெயரில் கிடக்கிறது. படிவம் தாக்கல் செய்தால்தான் திரும்பும். வீட்டுக் கடன் கேட்டுப் போனாலும், சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் வங்கி கேட்பது இரண்டு மூன்று ஆண்டு வரிப் படிவங்களைத்தான். வரி வரும் அளவுக்குச் சம்பாதிப்பவர் உத்தேச முறையில் இருந்தால் முன்வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம்.

சேவைக்கான ஜி.எஸ்.டி. பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகக் கட்டாயம். நாட்டுப்புற, செவ்வியல் இசை, நடனம், நாடகக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை ஒன்றரை லட்சம் வரை இருந்தால் அதற்கு ஜி.எஸ்.டி. இல்லை. கோயில் கமிட்டியோ நிறுவனமோ ‘ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் தர முடியாது’ என்று மேளக்குழுவிடம் சொன்னால், இந்த விலக்கை எடுத்துச் சொல்லலாம்.

கடன்

கடன் வாங்கக் கூடாது என்பதல்ல. எந்தக் கடன் எதற்கு என்பதே கேள்வி. கேமரா, தவில், கணினி வாங்க முத்ரா கடன் உண்டு: சிசு வகையில் 50,000 வரை, கிஷோர் வகையில் 5 லட்சம் வரை, ஈடு இல்லாமல். வறண்ட மாதத்தை ஓட்ட வாங்குவதானால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் வாங்கிப் பருவம் வந்ததும் மீட்பது தாங்கும். தனியாரிடம் வாங்கும் ‘மூணு வட்டி’ என்பது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். இருபது சதவீத லாபம் வரும் தொழிலால் அதை ஒருநாளும் கட்டித் தீர்க்க முடியாது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

ஏலச்சீட்டு இந்த வட்டாரத்தின் பழைய சேமிப்பு முறை. கட்டாயச் சேமிப்பாகவும் அவசரக் கடனாகவும் பயன்படும். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவான சீட்டில் மட்டும் சேர வேண்டும். வறண்ட மாதத்திலும் தவறாமல் கட்ட வேண்டும் என்பதால் சீட்டுத் தொகை ஆடி மாத வரவுக்குத் தக்கதாக இருக்கட்டும், வைகாசி வரவுக்கு அல்ல. தீபாவளிப் பலகாரச் சீட்டு போன்றவற்றில் போன பணத்தை மீட்பது கடினம்.

உடல், கருவி, முதுமை

வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர்களுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும், 50 வயதுக்குள் சேர்பவருக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் மத்திய அரசுத் திட்டங்களில் உண்டு. இரவு நிகழ்ச்சி முடித்து இருசக்கர வண்டியில் திரும்புகிறவர்களுக்கு இவை போதுமானவை அல்ல, தொடக்கம் மட்டுமே. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் உள்ளவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. அதைத் தாண்டியவர்கள் தனியே எடுத்தாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கேமராவுக்கும் டிரோனுக்கும் தனிப் பாலிசி வேண்டும். மண்டபத்தில் திருட்டுப் போனதையும் வழியில் விழுந்து உடைந்ததையும் அது ஏற்குமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

முதுமைக்கு இரண்டு வழி எளியவை. 18 முதல் 40 வயதுக்குள் இருந்து, வருமான வரி கட்டாதவராகவும் இருந்தால், அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்ந்து 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 வரை பெறலாம். பொதுச் சேமநிதி என்னும் பி.பி.எஃப். 15 ஆண்டுக் கணக்கு. ஆண்டுக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். எந்த மாதம் எவ்வளவு கட்டினாலும் ஏற்பதால் மாதத் தவணையைக் கண்டு அஞ்சும் கலைஞருக்கு இது மிகவும் பொருந்தும்; வைகாசியில் மொத்தமாகக் கட்டிவிட்டு ஆடியில் மறந்துவிடலாம்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்துகொள்வது தவறவிடக் கூடாத ஒன்று. பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு உதவித்தொகை அதன் வழியாகவே கிடைக்கும்; உறுப்பினர் அட்டையைக் காலாவதியாகாமல் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். வயது முதிர்ந்து நலிந்த நிலையில் உள்ள கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக அரசு மாதம் 3,000 ரூபாய் தருகிறது. விண்ணப்பித்து, தேர்வாகி, அதன் பிறகே அது வரும்; 30 வயதில் சேமிப்பைத் தள்ளிப்போட அந்தத் தொகையை நம்ப முடியாது.